காரிலிருந்து இறங்கிய காலடிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்து பேர்.

சுவர்ப் பக்கம் அப்பா. அவருக்கு எதிரே பெரியம்மா. அடிக்கடி எழுந்து போக வசதியாக, அடுப்படிக்குப் பக்கத்து நாற்காலியில் அம்மா. இரண்டு தலையணைகளை அடுக்கி அவற்றின் மேல் வாண்டு. வாண்டுக்கு ஆறு வயது. அவனுக்குப் பக்கத்தில் அவன் அக்கா.

சன்னல் ஓரத்தில் ஆறாவதாக ஒரு நாற்காலியும் இருந்தது. அதில் நான்கு மாதமாக யாரும் உட்காருவதில்லை. அது பெரியப்பாவின் நாற்காலி. பெரியப்பா இப்போது இல்லை.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தவள் அந்த அக்காதான். வயது பதினொன்று. எதைப் பார்த்தாலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதிவிடுவாள். அதனால் வீட்டில் அவளுக்குப் 'பட்டியல்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"பட்டியல், பென்சிலை வச்சிட்டுச் சாப்பிடு," என்றாள் அம்மா.

"ஒரு நிமிஷம்மா. பெரியம்மா ஏதோ சொல்லப் போறாங்க. ரெண்டு தடவை தண்ணி குடிச்சிட்டாங்க."

பெரியம்மா உண்மையிலேயே ஏதோ சொல்லத்தான் போனார். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்பு நிறக் கவரை எடுத்து வைத்தார்.

"பழைய வண்டி வாங்கி விக்கிறவர் அனுப்பியிருக்கார். உள்ள ஒரு தாள் இருக்கு. நான் கையெழுத்துப் போட்டு இதே கவர்ல திருப்பி அனுப்பினாப் போதும். வந்து காரை எடுத்துக்குவார். ஸ்டாம்புகூட அவரே ஒட்டியிருக்கார்."

"காரை விக்கப் போறீங்களா?" பட்டியலின் கையிலிருந்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

"நான் அதை ஓட்டுறது உங்க பெரியப்பாவுக்குப் பிடிக்கல கண்ணு."

பெரியம்மா என்ன சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளிகளிடம் ரத்தம் எடுத்துச் சோதிப்பார். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. பெரியப்பா இருந்தவரை அவர்தான் கொண்டுபோய் விடுவார். அவர் போன பிறகு பெரியம்மா தைரியமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். பயிற்சி தந்தவரின் தலைமுடி அந்த ஒரு மாதத்தில்தான் நரைத்தது என்று பெரியம்மாவே சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் காரில் ஒரு கோளாறு இருந்தது. சில விடிகாலைகளில் சாவியைத் திருப்பினால் அது கிளம்பாது. குலுங்கும். பிறகு இருமும்.

சின்னதாக இரண்டு இருமல். கொஞ்சம் இடைவெளி. பிறகு நீளமாக ஒன்று.

தினமும் காலையில் வாய் கொப்பளிக்கும்போது பெரியப்பா அப்படியேதான் இருமுவார். சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று.

"மெக்கானிக் கிட்ட மூணு தடவை காட்டியாச்சு. ஒண்ணுமே இல்லைங்கிறார்," என்றார் பெரியம்மா. "ஒண்ணும் இல்லாமலா இருமும்? அவர் ஏதோ சொல்ல வர்றார். சாவியைத் திருப்பும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குது. இப்படி நடுங்குற கையோட போய் நான் யாருக்கு ஊசி குத்த?"

"காரை வித்துட்டு எப்படிக்கா வேலைக்குப் போவீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாலயே ஒரு அறை தர்றாங்க. அங்கயே போயிடறேன்."

"பெரியம்மா போயிட்டா எனக்கு யாரு கதை சொல்லுவா?" என்று வாண்டு அலறினான்.

"அக்கா சொல்லுவா."

"ஐயோ! அவ கதைக்கும் நம்பர் போடுவா!"

வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். அப்பா தலை நிமிராமல், "உங்க இஷ்டம் அண்ணி," என்று மட்டும் சொன்னார். பாதித் தட்டோடு எழுந்து போய்விட்டார். பெரியப்பா போனதிலிருந்தே அப்பா அப்படித்தான். அண்ணன் என்ற சொல்லையே அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

"இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன்," என்றார் பெரியம்மா. "அடுத்த ஞாயிறு கையெழுத்துப் போட்டுடுவேன்."

கவர், குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டது.

பட்டியல் அன்று இரவு நோட்டில் எழுதினாள்: 'நாட்கள் ஏழு. கண்டுபிடிக்க வேண்டியது ஒன்று. கார் ஏன் இருமுகிறது?'

பெரியம்மா கிளம்பும்போது கேட்டைத் திறந்துவிடுவது பட்டியலின் வேலை. ஐந்தே முக்கால் மணிக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, தூங்கி வழிந்தபடி நிற்பாள். திங்கட்கிழமை அவள் தூங்கி வழியவில்லை. கையில் நோட்டு இருந்தது. எலும்பு வரை ஏறும் குளிர். ஆனாலும் கார் ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது.

'திங்கள். நல்ல குளிர். இருமல் இல்லை.'

செவ்வாய்க்கிழமை அவ்வளவு குளிர் இல்லை. மூடுபனி மட்டும் இருந்தது. தெருவிளக்கு பஞ்சுக்குள் வைத்த முட்டைபோல மங்கலாகத் தெரிந்தது. பெரியம்மா காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

கார் குலுங்கியது.

க்ஹும். க்ஹும்.

இடைவெளி.

க்ஹூ... ம்ம்ம்.

பட்டியல் காருக்கு நேர் எதிரே, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கார் முகத்தில் இருந்த கம்பிகளுக்குப் பின்னால் இருட்டு. அந்த இருட்டுக்குள் நீலமாக ஏதோ மினுங்கியது. அணைந்தது. மறுபடியும் மினுங்கியது.

உள்ளே யாரோ நீலக் கண்ணைத் திறந்து மூடுவதுபோல இருந்தது.

"கேட்டைத் திற கண்ணு," என்றார் பெரியம்மா. அவர் குரலும் காரைப் போலவே குலுங்கியது. நாலாவது திருப்பில் கார் உறுமிக் கிளம்பி, பனிக்குள் போய் மறைந்தது.

பட்டியல் வீட்டுக்குள் ஓடத்தான் நினைத்தாள். கால் நகரவில்லை. அதனால் நின்ற இடத்திலிருந்தே சுற்றிப் பார்த்தாள்.

வீட்டுப் பக்கச் சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய், அதில் செருகிய நீள ரப்பர் குழாய். குழாய்க்கு மேலே ஓர் ஆணி. அதில் பெரியப்பாவின் கார் துடைக்கும் துணி தொங்கியது. அவர் தினமும் விடிகாலையில் எழுந்து அந்தத் துணியால்தான் காரைத் துடைப்பார். அவர் போன பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. காய்ந்து அப்பளம்போல விறைத்துப் போயிருக்கும்.

இன்று அதன் முனையிலிருந்து ஏதோ சொட்டியது.

பட்டியல் விரலால் தொட்டுப் பார்த்தாள். துணி ஈரமாக இருந்தது.

புதன்கிழமை கார் இருமவில்லை. பள்ளி முடிந்ததும் பட்டியல் நேராக மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்குப் போனாள். அங்கே ஒரு வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் அந்தக் கால்களிடமே பேசினாள்.

"அண்ணா, பெரியம்மா காரைப் பத்திக் கேட்கணும்."

"அந்த வண்டியா?" என்றன கால்கள். "ஆளை விடும்மா. பிளக் மாத்தியாச்சு. பேட்டரி பார்த்தாச்சு. பெட்ரோல் வடிகட்டி புதுசு. இங்க வந்தா சமத்துப் பிள்ளை மாதிரி ஓடுது. நல்லா இருக்கிற வண்டிக்கு நான் என்ன வைத்தியம் பார்க்க?"

"நீங்க அதைச் சாயங்காலம் பார்க்கிறீங்க. அது இருமுறது காலைல."

"அதுக்காக நான் விடிகாலைல உங்க வீட்டு வாசல்ல வந்து படுத்துக்கவா?"

"வேணாம். நான் எழுதிட்டு வந்திருக்கேன்." அவள் குனிந்து நோட்டை வேனுக்கு அடியில் நீட்டினாள்.

தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ணங் என்று தலை இடிக்கும் சத்தம். மெக்கானிக் அண்ணன் தலையைத் தேய்த்துக்கொண்டே வெளியே உருண்டு வந்தார்.

"நீல வெளிச்சமா? உன் கண்ணால பார்த்தியா?"

"ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

"அடடே! இதை யாருமே சொல்லலியே!" அவர் சுவரிலிருந்து ஒரு கறுப்பு ஒயரை எடுத்தார். "இங்க பாரு. எஞ்சினுக்குள்ள பெட்ரோலைப் பத்தவைக்கிறது பிளக். அதுக்குக் கரண்ட் கொண்டு போறது இந்த ஒயர். உங்க வண்டில நாலு இருக்கு. மேல இருக்கிற ரப்பர் தோல்ல முடி மாதிரி ஒரு வெடிப்பு விழுந்தா, காஞ்சிருக்கும்போது ஒண்ணும் தெரியாது. ஈரம் பட்டுதுன்னு வை, கரண்ட் பிளக்குக்குப் போகாம வெடிப்பு வழியா வெளில குதிச்சிடும். இருட்டுல பார்த்தா நீலமா மினுங்கும்."

"அப்போ இருமல்?"

"நாலு பேர் தூக்குற கட்டில்ல ஒருத்தன் கையை விட்டா என்ன ஆகும்? குலுங்கும்ல? அதான். எஞ்சின் சூடானதும் ஈரம் காஞ்சிடும். அப்புறம் நாலு பேரும் ஒழுங்கா வேலை செய்வாங்க. எங்கிட்ட வரும்போது சமத்து!"

பட்டியலுக்கு மூச்சு வந்தது. "அப்போ பேய் இல்ல."

"எஞ்சினுக்குள்ள பேய் போனா பொரிஞ்சு போயிடும். புது ஒயருக்குச் சொல்லிடறேன், சனிக்கிழமை வந்துடும்." அப்புறம் அவர் மறுபடியும் நோட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணு இடிக்குது. மழை பெஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. பனின்னா தினமும் இருமணும். திங்கள் இல்ல, புதன் இல்ல, செவ்வாய் மட்டும் ஏன்? முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற இடுக்கு வழியாதான் தண்ணி உள்ள போகும். அன்னிக்கு மட்டும் அங்க தண்ணி எப்படி வந்துச்சு?"

ஆணியில் தொங்கிய ஈரத்துணி பட்டியலின் கண்முன் வந்து சொட்டியது.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கே அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. அப்பா ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டிருந்தார். அம்மாவும் வாண்டுவும் தூங்கினார்கள். மாடியில் பெரியம்மா எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. அவர் கீழே வர இன்னும் நேரம் இருந்தது. பட்டியல் டார்ச்சை எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் கதவைத் திறந்தாள்.

வெளியே பனி. கார் ஒரு பெரிய மிருகம்போலப் படுத்துக் கிடந்தது. அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது.

டொக். டொக். டொக்.

டார்ச் வெளிச்சம் கார் கதவில் ஏறியது. பனி படிந்தால் மெல்லிய பொடிபோல இருக்கும். இது அப்படி இல்லை. நீர் கோடு கோடாக வழிந்திருந்தது. யாரோ காரைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள்.

வெளிச்சம் தரைக்கு இறங்கியது.

சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள். வெறுங்கால்கள்.

அவள் பயத்திலும் வரிசையாகத்தான் பார்த்தாள். ஒன்று: காலடிகள் காரின் ஓட்டுநர் கதவருகில் தொடங்கின. இரண்டு: அங்கிருந்து குழாய்க்குப் போயின. மூன்று: குழாயிலிருந்து திரும்பி வந்தன. நான்கு: ஓட்டுநர் கதவருகில் முடிந்தன.

வீட்டிலிருந்து வந்த காலடி ஒன்றுகூட இல்லை. கேட்டுக்குப் போனதும் இல்லை.

யாரோ காரிலிருந்து இறங்கி, குழாய்க்குப் போய், திரும்பி வந்து காரிலேயே ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டியல் மெதுவாக, மிக மெதுவாக, டார்ச்சைக் கார் சன்னலுக்குத் தூக்கினாள்.

உள்ளே யாரும் இல்லை.

யாராவது இருந்திருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது என்று தோன்றியது. ஓடிவிடலாம். ஆனால் ஓடினால் ஈரம் காய்ந்துவிடும். காய்ந்தால் காலடி போய்விடும். அவள் உட்கார்ந்து ஒரு காலடியை உற்றுப் பார்த்தாள். பெருவிரலைவிட அதற்கடுத்த விரல் நீளமாக இருந்தது. நன்றாகவே நீளம்.

அப்படிப்பட்ட காலை அவளுக்குத் தெரியும். செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் பெரியப்பாவின் பழைய தோல் செருப்பு இன்னும் இருந்தது. அதை எடுத்து வந்து டார்ச் அடித்தாள். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து, தோலில் விரல்களின் பள்ளம் விழுந்திருந்தது. இரண்டாவது விரலின் பள்ளம் எல்லாவற்றையும் தாண்டி முன்னால் நின்றது.

அவள் செருப்பைக் காலடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அளவு அப்படியே பொருந்தியது.

ஐந்தே முக்காலுக்குக் கார் இருமியபோது பட்டியல் கேட்டில் பேயறைந்த மாதிரி நின்றாள். பெரியம்மா சன்னலை இறக்கி, "என்னடா, முகமெல்லாம் வெளுத்திருக்கு?" என்று கேட்டார். "குளிர்," என்று மட்டும் சொன்னாள். ஏற்கெனவே நடுங்குகிற கையிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

அன்று பள்ளியில் அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. "உடம்புக்கு என்ன?" என்று ஆசிரியையே தொட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது பின்வாசல் படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு வேலை. நாளெல்லாம் நின்றே இருக்க வேண்டும். அதனால் வந்ததும் ஒரு வாளி வெந்நீரில் கால்களை நனைத்து வைத்துக்கொள்வார். வாண்டு அதே வாளியில் தன் கால்களையும் திணித்துக்கொண்டிருந்தான்.

"டேய், என் காலை மிதிக்காதடா!"

"உங்க காலுதான் வாளி பூரா இருக்கு!"

அப்பா சிரித்தபடி கால்களை வெளியே எடுத்துப் படியில் வைத்தார். ஈரக் கால்கள். கல்லில் இரண்டு அடையாளங்கள் விழுந்தன.

பட்டியலின் புத்தகப் பை தோளிலிருந்து நழுவியது.

பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம்.

"எனக்கும் அப்படித்தான்!" வாண்டுவும் ஒரு குட்டிக் காலடியைப் பதித்தான். "பாரு அக்கா, எனக்கும் நீட்டு விரல்!"

"நம்ம குடும்பத்துக் கால்டா அது," என்றார் அப்பா. அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தவர், வாயை மூடிக்கொண்டு வாளித் தண்ணீரைப் பார்த்தார்.

பட்டியல் உள்ளே போனாள். அப்பாவின் வேலை நேர அட்டை சுவரில் தொங்கியது. விடிகாலை முறை: செவ்வாய், வியாழன், சனி. தொழிற்சாலை பஸ் தெருமுனைக்கு வரும் நேரம்: நாலே முக்கால். வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பே அப்பா போய்விடுவார். கார் கிளம்பும்போது அவர் அடுப்பின் முன்னால் நிற்பார். அது இருமி அவர் கேட்டதே இல்லை.

காலடிகள்? அவள் கண்ணை மூடி யோசித்தாள். அப்பா வேலைக்குப் போடுவது கனத்த ஷூ. நனைந்தால் நாளெல்லாம் ஈரத்தோடு நிற்க வேண்டும். அதனால் வீட்டிலிருந்து ஷூவோடு வந்து, கார் கதவருகில் கழற்றி வைப்பார். வெறுங்காலோடு கழுவுவார். குழாயை மூடிவிட்டுத் திரும்பி வந்து, காலைத் துடைத்து, ஷூவை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

காரிலிருந்து யாரும் இறங்கவில்லை. காரில் யாரும் ஏறவும் இல்லை.

பட்டியலுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது நின்றும் போனது. அப்பா ஏன் யாருக்கும் சொல்லாமல் இதைச் செய்கிறார்?

ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொல்லிவிடலாம். ஆனால் ஒருவர் ஒளித்து வைத்ததை இன்னொருவர் எடுத்து மேசைமேல் போடுவது நன்றாக இருக்காது. வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்து, நான்கு தாள்களைக் கசக்கிப் போட்டபின் ஐந்தாவது தாளில் இப்படி எழுதினாள்:

'அன்புள்ள அப்பாவுக்கு,

1. காரைக் கழுவுவது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். உங்கள் கால் சொல்லிவிட்டது.

2. நீங்கள் குழாயால் தண்ணீர் அடிக்கிறீர்கள். அது கண்ணாடிக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாக உள்ளே போகிறது. உள்ளே ஒரு ஒயரில் வெடிப்பு. அதனால்தான் இருமல்.

3. பெரியப்பாவுக்குக் கோபம் என்று பெரியம்மா நினைக்கிறார். அதனால்தான் நம்மை விட்டுப் போகப் போகிறார்.

4. சொல்ல உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் நானே கழுவினேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்தான்.

5. கழுவுவதை நிறுத்த வேண்டாம். துணியைப் பிழிந்து துடைத்தால் போதும்.

இப்படிக்கு, பட்டியல்.'

தூங்கப் போகும் முன், ஆணியில் தொங்கிய துணியோடு சேர்த்து அந்தத் தாளுக்கு ஒரு கிளிப் போட்டுவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை ஐந்தே முக்கால். பெரியம்மாவும் பட்டியலும் வாசலுக்கு வந்தபோது பனிக்குள் ஓர் உருவம் காரோடு ஒட்டி நின்றது.

பெரியம்மா பட்டியலின் கையை இறுகப் பிடித்தார். "யாரு?"

"நான்தான் அண்ணி."

அப்பாதான். வேலை உடுப்பு, கையில் துணி. நாலே முக்கால் பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது.

"நீங்க இன்னும் போகலியா தம்பி? உடம்பு சரியில்லையா?"

அப்பா துணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அண்ணி, வண்டி இருமுறதுக்கு அண்ணன் காரணம் இல்ல. நான்தான்."

நான்கு மாதத்தில் அவர் 'அண்ணன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"விடிகாலை முறைக்கு நான் கிளம்பும்போது அண்ணன் இங்க நின்னு வண்டியைத் துடைச்சிட்டிருப்பார். 'டேய், ரொட்டியைக் கருக விட்டுடாதே'ன்னு சொல்லுவார். இருபது வருஷமா அதே ஜோக். ஒரு நாளும் நான் சிரிச்சதில்ல. அவர் போனப்புறம் ஒருநாள் வெளில வந்தேன். இந்தத் துணி காஞ்சு போய்த் தொங்குது. அதைத் தாண்டி என்னால போக முடியல அண்ணி. அதான் கழுவினேன். பஸ்ஸுக்கு நேரமாயிடும்னு ரப்பர் குழாயால தண்ணி அடிச்சேன். அந்தத் தண்ணிதான் உள்ள போய்..."

அவர் துணியை முறுக்கிப் பிழிந்தார்.

பெரியம்மா கண்ணைத் துடைத்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இத்தனை நாளா என்னை இருமி இருமி பயமுறுத்தினது நீங்கதானா தம்பி?"

"நான் இருமல அண்ணி, வண்டிதான்..."

"அவர் இந்த வண்டி மேல குழாயைக் காட்டவே மாட்டார். துணியைப் பிழிஞ்சு பிழிஞ்சுதான் துடைப்பார். நான்கூடக் கேலி பண்ணுவேன், வண்டியைக் குளிப்பாட்டுறீங்களா, மூஞ்சி கழுவி விடுறீங்களான்னு."

அவர் காரில் ஏறினார். சாவி திரும்பியது.

கார் ஒரே திருப்பில், ஒரு செருமல்கூட இல்லாமல் கிளம்பியது.

"உக்காருங்க தம்பி," என்றார் பெரியம்மா. "உங்களைத் தொழிற்சாலைல விட்டுட்டு நான் போறேன். இன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே திட்டு வாங்கலாம்."

மத்தியானம் மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்தார். பழைய ஒயர்களைக் கழற்றி, மூன்றாவதைப் பட்டியலிடம் காட்டினார். ரப்பரில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் ஓரம் மட்டும் கருகியிருந்தது.

"இதான் உன் பேய்," என்றார். "புது ஒயர் போட்டாலும், தண்ணியை ஊத்திட்டே இருந்தா இதுவும் ஒரு நாள் போயிடும். அந்த இடுக்குக்குக் கீழே தண்ணி வடியுற ஓட்டை ஒண்ணு இருக்கு. அதுவும் அடைச்சிருக்கு. என் விரல் நுழையாது. உனக்கு நுழையுமா?"

பட்டியலின் விரல் நுழைந்தது. மக்கிய இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். மொத்தம் இருபத்து மூன்று. வாண்டு நடுவில் குறுக்கிட்டுத் தப்பாக எண்ணியதால் இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியம்மா அந்தப் பழுப்புக் கவரைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தார். வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று சன்னல் ஓரத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லோரும் பார்த்தார்கள். தாளின் பின்பக்கம் அவர் எழுதினார்: 'ஐயா, வண்டி விற்பனைக்கு இல்லை. இருமல் குணமாகிவிட்டது. ஸ்டாம்புக்கு நன்றி.'

"கவரை நான்தான் ஒட்டுவேன்!" என்றான் வாண்டு. நாக்கை முழு நீளத்துக்கு நீட்டி, பசை உள்ள இடம், இல்லாத இடம் எல்லாவற்றையும் நக்கினான்.

தெருமுனைத் தபால் பெட்டி நடந்தால் இரண்டு நிமிஷம். ஆனாலும் எல்லோரும் காரில்தான் போனார்கள். ஓட்டுநர் இருக்கையில் பெரியம்மா. பக்கத்தில், மடியில் துணியோடு அப்பா. பின்னால் ஒரு சன்னலில் அம்மா, நடுவில் வாண்டு, இன்னொரு சன்னலில் நோட்டோடு பட்டியல்.

கார் தபால் பெட்டியை ஒட்டி நின்றது. பட்டியல் கையை நீட்டிக் கவரைப் பெட்டியின் வாயில் வைத்தாள்.

க்ஹும். க்ஹும்.

பெரியம்மாவின் கை சாவியிலேயே நின்றது. அப்பா எஞ்சின் மூடியையே பார்த்தார்.

க்ஹூ... ம்ம்ம்.

"நான்தான்!" என்றான் வாண்டு, கண்ணில் நீர் வழிய. "பசை தொண்டைல ஒட்டிக்கிச்சு!"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கார் குலுங்க, பட்டியல் கவரை விட்டாள். அது பெட்டிக்குள் மெத்தென்று விழும் சத்தம் கேட்டது.